இருபத்துமூன்றாம் எண்

வகுப்பில் கையைத் தூக்கிப் பதில் சொல்லும் பழக்கத்தை நான் பதினேழு வயதில் விட்டேன். அதுவரை பெண்கள் மட்டும் படிக்கும் கான்வென்ட் பள்ளி. யார் முந்திக்கொண்டு பதில் சொல்வது என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். எழுபதுகளின் நடுவில் புகுமுக வகுப்புக்காக ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்குப் போனேன். இரண்டாவது வாரம் பௌதிக ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். எழுந்து பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனால் நான் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவன் என் குரலைப் போலவே மெல்லிய குரலை வரவழைத்து அதையே திருப்பிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் லேசாகச் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா அப்போது சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தார். "விடும்மா. பொம்பளப் புள்ள கொஞ்சம் அடக்கமா இருந்தா என்ன கொறஞ்சா போச்சு" என்றார். கோபமாக இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் எனக்குப் பிடித்துப்போனது. பிறகு அந்த இரண்டு வருடமும், பெயர் சொல்லி அழைத்தாலொழிய நான் வாய் திறக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் ஷெண்டன் வே சாலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டெலெக்ஸ் இயக்கும் வேலை கிடைத்தது. இங்கே தட்டச்சு செய்தால் ராட்டர்டாமிலும் பம்பாயிலும் உள்ள அலுவலகங்களில் காகிதத்தில் அச்சாகி விழும். சொல் குறையக் குறைய நல்லது என்று முதல் நாளே கற்றுக்கொடுத்தார்கள். 'தயவுசெய்து' கிடையாது. 'என்று நினைக்கிறேன்' கிடையாது. 'கப்பல் தாமதம். புதன் வரும். பாரந்தூக்கி ஏற்பாடு செய்க.' அவ்வளவுதான். பத்து வருடம் அப்படி எழுதினேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்கள் எல்லாம் 'ஐயா' என்றே தொடங்கின. யாரும் ஒரு தடவைகூட என்னைப் பெண் என்று நினைக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

எண்பத்தாறில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. டெலெக்ஸ் அறையில் இருந்தவர்கள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். நான் டோபி காட் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வகுப்பு, ஆறு மணி வரை. வார நாட்களில் அலுவலகம் விட்டதும் போய்த் திரை முன்னால் உட்கார்ந்து பயிற்சி செய்யலாம். அப்போது டோபி காட்டில் நிலத்தடி ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு நடக்கும்போது சன்னல் கண்ணாடி அதிரும். விரிவுரையாளர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

அந்த வகுப்பில் கற்றுக்கொடுத்த கணினி மொழிக்குப் பெயர் COBOL, எங்கள் வாயில் கோபால். வீட்டில் நான் இரண்டு மூன்று தடவை "கோபாலோட ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்து, "யாருடி அந்த கோபால்? நம்ம ஆளுங்களா, இந்துவா?" என்று குசுகுசுவென்று கேட்டார். அந்த வருடத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் ஏழு பேர் பெண்கள். தமிழர்கள் என்றால் நானும் இன்னொரு பெண்ணும்தான். அவள் அப்பா டன்லப் சாலையில் பைகளும் சூட்கேஸ்களும் விற்கும் கடை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக சிங்கப்பூரில் இருப்பவர்கள். நான் பெண்டிமியர் சாலை அடுக்குமாடியில் இருந்தேன். நடக்கிற தூரம்தான். இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அவளும் நானும் ஒரே வயது. மற்றபடி எதிலும் ஒத்துப்போகாது. அவளுக்குப் புரியவில்லை என்றால் உடனே கை மேலே போகும். ஒரு வகுப்பில் நான்கு தடவை, ஐந்து தடவை. ஆண்கள் பக்கமிருந்து மெல்ல ஒரு முனகல் கிளம்பும். வங்கியில் வேலை பார்த்த ஒருவர் முன்வரிசையில் இருப்பார், சீனர், கெட்டிக்காரர். அவள் கேட்டதையே ஐந்து நிமிடம் கழித்து வேறு சொற்களில் கேட்பார். விரிவுரையாளர், "நல்ல கேள்வி" என்பார். அவள் என் பக்கம் திரும்பி, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து, "நான் கேட்டதுதானே லா அது?" என்பாள். நான் தலையாட்டுவேன், யாரும் பார்த்துவிடாமல், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு.

வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவள் அத்தா, அவர்கள் வழக்கில் அப்பா, கீழே வந்து நிற்பார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி, கையில் குடையோடு. எங்கள் இரண்டு பேருக்கும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கரிபாப்பும் தேநீரும் வாங்கிக்கொடுப்பார். வேறு அப்பாக்கள் மார்க்கு எவ்வளவு என்று கேட்பார்கள். அவர், "இன்னைக்கு எத்தன கேள்வி கேட்ட?" என்று கேட்பார். அவள், "நாலு அத்தா" என்றால், "போன வாரம் அஞ்சு" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எத்தனம்மா?" என்பார். நான் சிரித்து மழுப்புவேன்.

விரிவுரையாளர் நல்ல மனிதர். நாற்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், மெதுவாகப் பேசுவார். வகுப்பில் நான்கைந்து பேரே பேசுகிறார்கள் என்பதை அவரும் கவனித்திருந்தார். இரண்டாவது மாதம் அவர் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். நிலையத்துக் கம்ப்யூட்டரில் எல்லாரும் பார்க்கக்கூடிய ஓர் இடம். ஒருவர் அங்கே ஏதாவது எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் எந்தத் திரையிலிருந்தும் அதைப் படிக்கலாம், கீழே பதில் எழுதலாம். அவர் அதை 'போர்டு' என்றார். பாடத்தைப் பற்றிய விவாதம் எல்லாம் இனி வாரம் முழுக்க அங்கே நடக்கும். யாரும் பெயர் போடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். உள்ளே ஓர் எண்.

"வெட்கப்படுகிறவர்களும் பேசட்டும். யார் எந்த எண் என்று யாருக்கும் சொல்லாதீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். வகுப்பில் எல்லாமே ஆங்கிலம்தான், போர்டிலும் அப்படித்தான்.

என் காகிதத்தில் இருபத்துமூன்று என்று இருந்தது.

அவளுடைய எண் ஒன்பது. அது முதல் வாரமே எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஏனென்றால் அவள் எழுதிய முதல் செய்தியே, 'சனிக்கிழமை வகுப்பில் நான் கேட்ட கேள்வியைத் தொடர்ந்து' என்று தொடங்கியது. அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. ஒளிக்க வேண்டிய அவசியம் இருப்பதாகவும் தோன்றவில்லை. அவள் எழுதுவது பேச்சைப் போலவே நீளமாக இருக்கும். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது, தவறாக இருந்தால் மன்னிக்கவும், இன்னொரு வழியும் இருக்கலாம்' என்று நாலு பக்கமும் பார்த்து எழுதுவாள்.

நான் டெலெக்ஸ் எழுதுவதைப் போல எழுதினேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது. 'நான்காம் வரி தவறு. கூட்டல் முதலில் வர வேண்டும்.' முதல் செய்தியை அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது மூன்று பதில்கள். 'நன்றி, சகோதரரே.' 'இருபத்துமூன்று சொல்வது சரி.' மூன்றாவது பதினான்காம் எண்ணிலிருந்து. அது வங்கிக்காரர் என்று எனக்குத் தெரியும், எழுத்திலேயே அவர் நடை இருக்கும். 'கடைசியில் விஷயம் தெரிந்த ஓர் ஆள் கிடைத்தார்' என்று எழுதியிருந்தார்.

அதன்பிறகு நான் வாரம் மூன்று நாள் அலுவலகம் விட்டு நேராக அங்கே போக ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை ஓர் அறை முழுவதும் கேட்டது. வங்கிக்காரரோடு வாதம் செய்தேன். இரண்டு தடவை அவர் தோற்றதை ஒப்புக்கொண்டார். இருபத்துமூன்று யார் என்று இடைவேளையில் பேசிக்கொள்வார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் உயரமான ஒருவர், அதிகம் பேசாதவர், அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கேட்டால் அவர் இல்லை என்றும் சொல்ல மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், புன்னகை செய்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் எழுந்து 'நான்தான்' என்று சொல்லத் தோன்றவில்லை.

அவளிடமும் சொல்லவில்லை. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற விதியை நான் சாக்காக வைத்துக்கொண்டேன். அவளும் கேட்டதில்லை. நான் போர்டிலும் எழுதாமல்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "நீயும் ஏதாச்சும் எழுது லா. அங்க ஒன் மூஞ்சி தெரியாது, சும்மா எழுது" என்று எனக்குத் தைரியம் சொல்வாள்.

நான்காவது மாதம் ஒரு பெரிய பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கிளினிக்கில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் கம்ப்யூட்டர் நிரலை எழுத வேண்டும். விரிவுரையாளரே ஒரு மாதிரியை எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாரும் அதைப் பின்பற்றிச் செய்துகொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை மாலை அவள் அந்த மாதிரியிலேயே ஒரு பிழை இருப்பதைக் கண்டுபிடித்துப் போர்டில் எழுதினாள். ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் பதிந்தால் இரண்டாமவர் பெயர் முதல் ஆளின் பெயர்மேல் எழுதப்பட்டுவிடுகிறது. முதல் ஆள் இருந்த தடமே இல்லாமல் போகிறார். நீளமாக, உதாரணத்தோடு, இரண்டு 'மன்னிக்கவும்' போட்டு எழுதியிருந்தாள்.

புதன்கிழமை வரை ஒரே ஒரு பதில் வந்தது. 'ஒன்பது, குறிப்புகளை மறுபடி படிக்கவும்.'

புதன் மாலை நிலையத்துக்குக் கீழே தேநீர்க் கடையில் தே குடிக்கும்போது அவள் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எனக்கு விளக்கினாள். "இங்க பாரு. வயசான அம்மா ஒருத்தங்க ஒம்பது மணிக்கே வந்து உக்காந்திருக்காங்க. அவங்க பேரு மட்டும் லிஸ்ட்ல இல்ல. கூப்பிடவே மாட்டாங்க. அவங்க பாட்டுக்கு உக்காந்தே இருப்பாங்க. நான் சொல்றது சரிதானே?"

நான் அந்தக் கட்டங்களை இரண்டு முறை பார்த்தேன். "சரிதான்" என்றேன்.

"அப்ப ஏன் லா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க? நீ ஒரு வரி எழுதேன் எனக்காக. ஒன்பது சொல்றது சரின்னு மட்டும் போடு, போதும்."

"பாக்கறேன்" என்றேன்.

வியாழக்கிழமை திரை முன்னால் உட்கார்ந்தேன். 'ஒன்பது சொல்வது சரி' என்று தட்டினேன். பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அனுப்பும் விசையில் விரலை வைத்தேன், ஆனால் அழுத்தவில்லை. வகுப்பில் அவளுக்குப் பரிந்து பேசிய ஆள் ஒருவரும் கிடையாது. இருபத்துமூன்று அவளுக்குப் பரிந்து பேசினால், யாராவது என் முகத்தை நினைத்துவிடுவார்கள். அவள் பக்கத்தில் உட்காருகிற பெண் யார் என்று யோசிப்பார்கள். அந்த வரியை எழுத்து எழுத்தாக அழித்தேன். பிறகு இப்படி எழுதினேன்: 'மாதிரியில் பிழை. ஒரே நேரத்துக்கு இருவர் பதிந்தால் முதல் பெயர் அழிகிறது. முதல் நோயாளி இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பட்டியலில் இல்லை. சோதிக்கவும்.'

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பிழையைத்தானே சொன்னேன், அவளுக்கு உதவிதானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பதில்கள். உட்கார்ந்திருக்கும் நோயாளியை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை விரிவுரையாளர் வந்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இருபத்துமூன்றாம் எண்காரர் என்னுடைய மாதிரியிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி" என்றார். ஆங்கிலத்தில் ஆண்பாலில்தான் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். கப்பல் பட்டறைக்காரர் மேசையைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

என் பக்கத்தில் அவள் கை உயர்ந்தது.

"சார், அதை நான் செவ்வாய்க்கிழமையே எழுதினேன்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியா? படித்திருப்பேன். இருபத்துமூன்று அதைத் தெளிவாகச் சொன்னார்" என்றார், அவளைப் புண்படுத்தும் எண்ணம் எதுவும் இல்லாமல்.

வங்கிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஒன்பது எப்போதிலிருந்து இருபத்துமூன்றுக்கு முன்னால் வருகிறது?" என்றார். அது ஒரு நகைச்சுவையே இல்லை, எண்களை நினைத்துப் பார்த்தால் முட்டாள்தனம். இருந்தும் வகுப்பு சிரித்தது.

அவள் உட்காரவில்லை. "இருபத்துமூன்று இந்த ரூமில்தான் இருக்கிறார். என்னுடைய செய்தியைப் படித்தாரா இல்லையா என்று அவரே சொல்லட்டும்" என்றாள்.

எல்லாரும் கப்பல் பட்டறைக்காரரைப் பார்த்தார்கள். வெளியே தோண்டும் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டேன்.

இடைவேளையில் அவள் என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேலே போகும் படி, யாரும் வர மாட்டார்கள்.

"உக்காந்திருக்கற ஆளு," என்றாள். "அத நான் போர்டுல எழுதல. ஒன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

நான் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இருவத்திமூணு நீதானே?"

"ஆமா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தன மாசமா நீதானா? அந்த பேங்க்காரர மடக்கினது எல்லாம் நீயா?" என்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் உண்மையாகவே சந்தோஷம் வந்தது. அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு அது போய்விட்டது. "நான் நிக்கும்போது ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் கையத் தூக்கும்போது பயமாத்தான் இருக்கு. நீ என்ன, எனக்குப் பயமே இல்லன்னா நெனச்ச?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிலருக்கு அது இயல்பாக வரும், எனக்கு வராது என்று.

"மன்னிச்சுக்க" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். அடுத்த சனிக்கிழம வகுப்புல எந்திரிச்சுச் சொல்லு. நான்தான் இருவத்திமூணு, ஒன்பதுதான் மொதல்ல கண்டுபிடிச்சதுன்னு. ரெண்டே வரி. நான் பக்கத்துல இருப்பேன்ல."

"சரி" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க அந்த இரண்டு வரியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை காலை அலுவலகத்தில் இரண்டு டெலெக்ஸைத் தப்பாக அடித்தேன். பன்னிரண்டு மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அம்மா நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார். உண்மையிலேயே தலை வலிக்கவும் செய்தது.

அன்றைக்கு வகுப்பில் நடந்ததை வகுப்பிலிருந்த ஒரு சீனப் பெண்தான் எனக்குப் பிறகு சொன்னாள். அவள், என் தோழி, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாளாம். வங்கிக்காரர் "உங்கள் இருபத்துமூன்றுக்காகக் காத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். போர்டில் அந்த வாரம் யாரோ 'ஒன்பதுக்கு இருபத்துமூன்றின்மேல் காதல்' என்று எழுதி வைத்திருந்தார்கள். விரிவுரையாளர் பார்த்து அழிப்பதற்குள் பாதி வகுப்பு படித்திருந்தது. அவள் முதல் பாதியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடைவேளையில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு சரி. திரும்பி வரவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போன் செய்யவில்லை. தினமும் நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் கீழே இறங்கி வந்தபோது அவள் அத்தா நின்றுகொண்டிருந்தார். மழை தூறியது. குடையை விரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார். "ஒன்னைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். அங்க என்னம்மா நடந்துச்சு? வீட்டுல ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குது. கேட்டா, போதும் அத்தாங்குது. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அவர் என்னைத் திட்டியிருக்கவும் மாட்டார்.

"பாடம் கொஞ்சம் கஷ்டமா போச்சு அங்கிள்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "கஷ்டமா? அவளுக்கா?" பிறகு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு, "அப்படியா... என்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றார். கரிபாப் வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ் நிறுத்தத்துக்கு அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மகளுக்குப் படிப்பு வரவில்லை என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் நம்பிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை போர்டில் எழுதினேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை, யோசித்தால் அழித்துவிடுவேன் என்று தெரியும். 'இருபத்துமூன்று ஒரு பெண். கிளினிக் பிழையைக் கண்டுபிடித்தது ஒன்பது. நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவள் பெயரைச் சொல்லாதது என் தவறு.' கீழே என் பெயரையும் போட்டேன்.

உலகம் இடிந்து விழவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. அடுத்த நாள் இருந்த பதில்களில் ஒன்று, 'நிஜமாகவா? யார் உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்?' என்று கேட்டது. இன்னொன்று, 'மிஸ் இருபத்துமூன்று, மதியம் சாப்பிட வருகிறீர்களா?' என்றது. வங்கிக்காரர், இருபத்துமூன்றின் வாதங்களில் கொஞ்சம் உணர்ச்சி தூக்கலாக இருப்பதைத் தான் ஆரம்பத்திலிருந்தே கவனித்ததாக எழுதியிருந்தார். ஒன்பதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்கூட எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து நான் ஒரு சந்தேகத்துக்குப் பதில் எழுதினேன். எப்போதும் போலத்தான் எழுதினேன், மூன்று வரி, சரியான பதில். அதற்குக் கீழே, 'யாராவது உறுதி செய்ய முடியுமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பெண்கள் கழிவறையில் அந்தச் சீனப் பெண் கையைக் கழுவிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நான் முப்பத்தொன்று. இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதலாமா என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நல்லவேளை" என்றாள்.

விரிவுரையாளர் மட்டும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நீண்ட நேரம் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "எண் கொடுத்தால் எல்லாரும் சமமாகிவிடுவார்கள் என்று நினைத்தேன்" என்றார். அவளுடைய முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடிதம் எழுதினார். அவள் மரியாதையாகப் பதில் போட்டாள், வர இயலாது என்று.

அதன்பிறகுதான் எனக்கு டன்லப் சாலைக்குப் போகத் துணிச்சல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து போனேன். அத்தா கடையில் இல்லை. அவள் ஒரு வாடிக்கையாளருக்கு சூட்கேஸின் பூட்டை எப்படித் திறப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பும் கட்டுமானத் தொழிலாளி ஒருவர். அவரை அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"போர்டுல எழுதிட்டேன்," என்றேன். "என் பேரு போட்டு. நீதான் கண்டுபிடிச்சன்னு."

"சார் லெட்டர்ல எழுதியிருந்தாரு."

"அத்தாகிட்டயும் நான் பொய் சொல்லிட்டேன். அவருகிட்டயும் சொல்லிடறேன்."

"வேணாம். அவரு மறந்துட்டாரு. திரும்பக் கெளறாத." பைகளின் மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் தட்டினாள். "என்ன சொன்னாங்க எல்லாரும்?"

சொன்னேன். சாப்பிடக் கூப்பிட்டது, உணர்ச்சி தூக்கல், உறுதி செய்ய முடியுமா. உணர்ச்சி தூக்கல் என்றதும் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

"திரும்பி வாயேன்," என்றேன். "ரெண்டு பேரும் சேந்து முடிச்சிடலாம்."

அவள் துணியை மடித்து வைத்தாள். "நீ சொன்னது நல்லதுதான். ஆனா நான் ஒன்ன அந்த சனிக்கிழம கேட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கடைக்கு இன்னொருவர் வந்தார். அவள் எழுந்து அவரிடம் போனாள். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வருகிறேன் என்று கையசைத்தேன். அவளும் கையசைத்தாள்.

நான் டிப்ளோமாவை முடித்தேன். டெலெக்ஸ் அறையை மூடியபோது என்னைக் கம்ப்யூட்டர் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் குடும்பம் பாசிர் ரிஸில் புது வீடு கிடைத்துப் போய்விட்டது. கடை மட்டும் இருந்தது. நான் டன்லப் சாலையைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டேன்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் அத்தா எதிரே வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். "என்னம்மா, கம்ப்யூட்டர் ஆபீசரா ஆயிட்டியாமே?" என்று மலர்ந்து போய்க் கேட்டார். என் அம்மா, அப்பா இருவரைப் பற்றியும் விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவ கல்யாணத்துக்கு நீ வரலியே. ஒனக்குத்தான் மொதப் பத்திரிக்க குடுக்கச் சொன்னேன். தபால்ல போட்டுட்டேன்னு சொன்னா. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், நீ வருவேன்னு" என்றார்.

எனக்குப் பத்திரிகை எதுவும் வரவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

"வந்துச்சு அங்கிள்," என்றேன். "அன்னைக்கு ஆபீஸ்ல லீவு கெடைக்கல."

"அப்படியா," என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நான்கூட ஒங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையோன்னு நெனச்சேன்."

"இல்ல அங்கிள். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை நல்ல பையன் என்றார். இரண்டு பேரும் எல்லை தாண்டி, மலேசியாவில், ஜொகூரில் இருக்கிறார்களாம். முகவரி எழுதித் தரட்டுமா என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பஸ் வந்துவிட்டது அங்கிள் என்று சொல்லிவிட்டு நான் ஏறிக்கொண்டேன். அது என் வீட்டுப் பக்கம் போகிற பஸ்கூட இல்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.